நடுவருக்குக் காத்திராத ஆட்டம்

ஒரு விளையாட்டின் பிறப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒரு தனிமனிதரையும் ஒரு நாளையும் தேடுகிறோம். ஆனால் விளையாட்டுகள் அவ்வாறு பிறப்பது அரிது. நண்பர்கள் கூடி ஆடி, வாதிட்டு, விதியை மாற்றி, மீண்டும் ஆடிப் பார்த்தே அவற்றை உருவாக்குகிறார்கள். அந்தத் தொடக்கக் காலம் பெரும்பாலும் பதிவாவதில்லை. ‘அல்டிமேட்’ என்னும் பறக்கும் தட்டு விளையாட்டு இதற்கோர் விதிவிலக்கு.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மேப்பிள்வுட் நகரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில் 1968இல் ஜோயல் சில்வர் என்ற மாணவர் ஃபிரிஸ்பீயைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டுமென மாணவர் மன்றத்தில் முன்மொழிந்தார். அது பாதி வேடிக்கை. அவ்வாண்டுக் கோடையில் ஒரு முகாமில் கற்ற ஆட்டமே அவருக்கு அடிப்படை. (பிற்காலத்தில் ‘மேட்ரிக்ஸ்’ படத்தைத் தயாரித்தவரும் இவரே.) 1969இல் பள்ளிப் பத்திரிகைக் குழுவும் மாணவர் மன்றமும் மோதின.

அப்போது ஓர் அணியில் இருபது முப்பது பேர்கூட இருந்தனர். தட்டுடன் ஓடவும் முடிந்தது. ஆட ஆட இவை மாறின. பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் விளக்குகள் இருந்ததால் இரவிலும் ஆட்டம் நடந்தது. அணிக்கு எழுவர் என்றானது. தட்டைப் பிடித்தவர் ஓடக்கூடாது என்ற விதியே ஆட்டத்தின் உயிராயிற்று. அவர் நின்றாக வேண்டும். எனவே மற்றவர்கள் ஓட வேண்டும். எத்துணை விரைந்தோடுபவரும் தனியே வெல்ல இயலாது.

1970இல் சில்வர், பஸ்ஸி ஹெல்ரிங், ஜான் ஹைன்ஸ் ஆகிய மூவரும் விதிகளை எழுத்தில் வடித்தனர். எழுத்தில் வந்தபின்தான் ஆட்டம் ஊர் தாண்டியது. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று மில்பர்ன் பள்ளியை அவர்கள் 43-10 என வென்றனர். 1972 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதின. சரியாக 103 ஆண்டுகளுக்கு முன், 1869இல், அதே இரு கல்லூரிகள்தாம் அதே இடத்தில் அமெரிக்காவின் முதல் கல்லூரிக் கால்பந்துப் போட்டியை ஆடியிருந்தன. ரட்கர்ஸ் 29-27 என வென்ற அந்த ஆட்டத்தைக் காண ஹெல்ரிங் இல்லை. 1971இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார்.

நடுவர் இல்லாமலும் இவ்வாட்டம் நடக்கும் என்பதே அந்நண்பர்கள் ஆடிப் பார்த்துக் கண்ட பெரும் உண்மை என நமக்குத் தோன்றுகிறது. நண்பர்களுக்குள் தவறைத் தவறிழைத்தவரே ஒப்புக்கொள்வது இயல்பு. அந்தப் பழக்கம் பின்னர் ‘ஆட்டத்தின் உணர்வு’ என்ற பெயரில் விதிநூலில் இடம்பெற்றது. உலகப் போட்டிகளிலும் ஆட்டக்காரர்களே தவறுகளைச் சொல்லித் தீர்த்துக்கொள்கிறார்கள். 2012இல் தொடங்கிய அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித்தொடரோ நடுவர்களை அமர்த்தியது. பணமும் பார்வையாளரும் பெருகும்போது நட்பின் விதி தாங்குமா என்ற கேள்வி அங்கே எழுகிறது.

முன்பின் அறியாதோரையும் சிறிது நேரம் நண்பர்களைப்போல் நடக்கச் செய்யுமாறு ஒரு விதியை எழுத முடியும் என்பதைப் பள்ளி மாணவர் சிலர் காட்டிச் சென்றிருக்கிறார்கள். விளையாட்டு வரலாற்றில் அது சிறிய செய்தியன்று.