சுத்தியும் முறிவும்

சித்த மருத்துவ நூல்கள் மருந்துப் பொருள்களைத் தாது, தாவரம், சீவம் என மூவகைப்படுத்தும். தாது வகையுள் பாதரசம், ஈயம், பாடாணம் முதலிய நச்சுப் பொருள்களும் அடங்கும். இவற்றை மருந்தாக்கும் முறைக்கும், இவற்றால் விளையும் தீங்கை நீக்கும் முறைக்கும் நூலாசிரியர் தாவரங்களைப் பெரிதும் வேண்டுவர். முன்னையது சுத்தி, பின்னையது முறிவு. இவ்விரு சொற்களின் பொருள் வேறுபாட்டை வரையறுத்து, இக்கால அறிவியல் முடிபுகள் எதற்குப் பொருந்தும் என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுத்தி என்பது கல்வத்திலும் அடுப்பிலும் நிகழ்வது. பாதரசத்தைச் செங்கற்றூளோடும் மஞ்சட்டூளோடும் அரைத்துக் கழுவிக் குப்பைமேனிச் சாற்றிலிட்டு எரித்தல் ஒரு முறை. பாதரசமும் கந்தகமும் கூடிய இலிங்கத்திற்கு எலுமிச்சைச் சாறு, பசும்பால், குப்பைமேனிச் சாறு ஆகியவற்றால் சுருக்குக் கொடுத்தல் பிறிதொன்று.

முறிவு என்பதோ உடலில் நிகழ்வது. நஞ்சு உட்சென்று குறிகுணங்கள் தோன்றிய பின்னர்க் கொடுக்கப்படுவது. பாடாணங்களின் குணம் கூறுமிடத்து அவற்றின் நச்சுக்குறிகளும் முறிவும் உடன்கூறப்படுகின்றன. சுத்தி குறையினும் அளவு மிகினும் தீங்கு நேரும் என்பதை அம்மருத்துவர் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். உலோகத்திடம் அவர்க்கிருந்த அச்சம் மருத்துவ வரலாற்றிற்கு உரிய சான்றாகும்.

இனி, இக்கால ஆராய்ச்சியை நோக்குவோம். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின் 1815-ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூற்றமைப்பு 1910-இல் தெளிவாயிற்று. ஈயம் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தின் வழியிற் புகுந்து நரம்பணுக்களின் செயலைக் குலைக்கும். பாதரசம் கந்தகக் கூறுடைய புரதங்களைப் பற்றிக்கொள்ளும். குர்குமின் இத்தகைய உலோக அயனிகள் சிலவற்றைப் பிணிக்கவல்லது; உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிசனேற்றத்தையும் தடுக்கவல்லது. ஈயத்தால் எலிகளின் மூளைத் திசுவில் நேரும் சிதைவை அது குறைத்ததெனத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் 2004-இல் வெளியிட்டனர்.

இம்முடிபைக் கொண்டு, மஞ்சளிட்டுச் சுத்தி செய்த பாதரசம் மூளைக்குத் தீங்கு செய்யாது என்று வாதிடுவாரும் உளர். அவ்வாதம் பொருந்தாது. சுத்தியில் அரைக்கப்படும் மஞ்சட்டூள் நூல் விதித்தவாறே நீரிற் கழுவப்படுகிறது. காக்கும் எனப்படும் பொருள் கழுநீரோடு போக, பாதரசமே எஞ்சுகிறது. சுத்தியால் அழுக்கும் பிற உலோகக் கலப்பும் நீங்கலாம். சேர்மமாகும்போது உடலிற் கரையும் அளவும் மாறலாம். ஆயினும் பாதரசம் ஒரு தனிமமாதலின் அரைத்தலாலும் எரித்தலாலும் பிறிதொன்றாகாது. எனவே, எலிகளிடத்துக் கண்ட பயன் முறிவு என்னும் கருத்திற்கே நெருங்கியது, சுத்திக்குச் சான்றாகாது.

முறிவுக்கும் அது முழுச்சான்றன்று. வாய்வழி உட்கொண்ட குர்குமின் குருதியிற் சேர்வது மிகச் சிறிதளவே. எலியின் மூளையிற் கண்டதை மனிதன் மூளைக்கு ஏற்றிக் கூற, மனிதரிடத்துச் செய்த ஆய்வுகள் வேண்டும்.

மூலிகை என்னும் பெயரும் தூய்மைக்கு உறுதியாகாது. வங்கதேசத்தில் நிறத்தின் பொருட்டு மஞ்சளில் ஈயக் குரோமேட் கலக்கப்பட்டதை ஆய்வாளர் கண்டறிந்தனர். 2019-இல் சந்தை மாதிரிகளுள் நூற்றுக்கு 47 கலப்புடையனவாக இருந்தன. அரசின் நடவடிக்கையால் 2021-இல் அத்தகையது ஒன்றும் காணப்படவில்லை. ஈயத்தைத் தடுக்கும் எனப்பட்ட மஞ்சளே ஈயத்தை உடலுட் கொணர்ந்தது.

சொற்பொருளை மயங்கக் கொள்ளுதல் பிறவிடத்து உரைப்பிழையாய் ஒழியும். மருத்துவ நூலில் அஃது உண்பவன் உயிரைப் பற்றியது. பழைய நூல்களைப் போற்றுவோர், அவை சுத்தியைக் கூறிய இடத்தோடு முறிவைக் கூறிய இடத்தையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். அந்நூல்களே நஞ்சென அஞ்சியதை நாம் அஞ்சாதிருத்தல் அவற்றிற்குச் செய்யும் சிறப்பன்று.