கடலடியில் எடுத்த வண்ணப் படம்

மீன்களை ஆராய்ந்த அறிஞர்கள் நெடுங்காலம் வலையையும் தூண்டிலையுமே நம்பியிருந்தனர். பிடிபட்ட மீனைச் சாராயம் நிரம்பிய கண்ணாடிச் சாடியில் இட்டுப் பாதுகாத்தனர். ஆனால் உயிர் பிரிந்தவுடன் மீனின் நிறம் மங்கத் தொடங்கிவிடும். அது எங்கே ஒளிந்தது, எவற்றோடு கூடி வாழ்ந்தது என்பனவற்றைச் சாடி நமக்குச் சொல்லாது. மீனை அதன் வீட்டிலேயே காண வேண்டும் என்ற அவாவுக்குத் துணையாக வந்தது கடலடிப் புகைப்படக் கலை.

1893-ஆம் ஆண்டில் லூயி பூத்தான் என்னும் பிரெஞ்சு அறிஞர், தம் நாட்டின் தென்கரையிலுள்ள பான்யூல் என்ற ஊரில், நீர் புகாத பெட்டிக்குள் காமிராவை வைத்துக் கடலடியில் படம் எடுத்தார். அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பவழப்பாறை மீன்களின் சிறப்போ அவற்றின் வண்ணத்தில் அல்லவா இருக்கிறது?

அக்குறை 1926-இல் நீங்கியது. அமெரிக்காவின் ஃபிளாரிடா முனைக்கு அப்பால் டிரை டார்ட்டூகாஸ் என்னும் சிறு தீவுகள் உள்ளன. அங்கு மீன்களின் நிறத்தை ஆராய்ந்துவந்த வில்லியம் லாங்லி என்ற அறிஞரும், நாஷனல் ஜியாகரபிக் பத்திரிகையின் புகைப்பட நிபுணர் சார்லஸ் மார்ட்டினும் ஒன்று சேர்ந்தனர். அக்கால வண்ணத் தகடுகளுக்கு மிகுந்த ஒளி வேண்டும். கடலுக்குள்ளோ ஒளி குறைவு. எனவே மேலே ஒரு மிதவையில் மெக்னீசியப் பொடியை வைத்து, காமிராவின் கண் திறக்கும் அதே நொடியில் அதைக் கொளுத்தினர். அப்பொடி ஒருமுறை வெடித்து லாங்லி கடுந்தீக்காயம் அடைந்தார். ஆயினும் முயற்சி நிற்கவில்லை. பன்றியின் மூஞ்சியை ஒத்த முகமுடைய ஹாக்ஃபிஷ் என்னும் மீனின் படமும் பிறவும் 1927 ஜனவரி இதழில் வெளிவந்தன. கடலடியில் எடுத்த முதல் வண்ணப் படங்கள் அவையே.

நேயர்களே, இப்படங்கள் வெறும் வேடிக்கை அல்ல. மீனையும் அதன் வீட்டையும் அவை சேர்த்துக் காட்டின. கிளிமீன் பாறைமேல் படரும் பாசியை மேய்கிறது. அதனால் பவழம் வளர இடம் உண்டாகிறது. பவழம் வளர்ந்தால் மீன்களுக்குப் புகலிடம் கிடைக்கிறது. கரையை நோக்கிவரும் அலையின் வேகமும் தணிகிறது. கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பவழத்திட்டுகள், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால் பங்குக்கு ஆதரவு தருகின்றன.

பவழத்தின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசியே அதற்கு உணவும் நிறமும் அளிக்கிறது. நீர் அளவுமீறிச் சூடேறினால் பவழம் அப்பாசியை இழந்து வெளுத்துவிடும். வெப்பம் நீடித்தால் மடியும். 2023-ஆம் ஆண்டுக் கோடையில் ஃபிளாரிடாக் கடலில் இக்கேடு பெருமளவில் நேர்ந்தது. லாங்லி தீக்காயம் பட்டுப் பெற்ற படங்கள் நமக்குக் கிடைத்த அரிய சான்றுகள். அவற்றில் உள்ள மீன்களை நம் பேரக்குழந்தைகளும் கடலில் காண வேண்டுமானால், அவற்றின் வீட்டைக் காப்பது நம் கடமையாகும்.