நயினாதீவுக் கல்லும் கட்டுநாயக்கக் கதவும்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக நேரம் எடுத்து வாசியுங்கள்.

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும் நாங்கள், வகுப்பறையில் சொன்னதைக் கண்ணாலும் காட்ட வேண்டும் என்று குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குக் கூட்டிப் போனோம். நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டைக் காட்டுவதுதான் நோக்கம். ஏறத்தாழ 850 வருடங்களுக்கு முன்னர், பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் வெட்டுவித்த கல்வெட்டு அது. சிங்கள மன்னன், ஆனால் ஆணை தமிழில் இருக்கிறது. ஏனென்றால் அதை வாசிக்க வேண்டியவர்கள் இந்தக் கடலில் வந்து போன வணிகர்கள்.

பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் அதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். கல் சொல்லும் சேதி இதுதான். பரதேசிகள், அதாவது வெளிநாட்டார், ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானை, குதிரை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் மூன்று பங்கும் உரியவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

ஊராத்துறை என்பது வேறொன்றுமில்லை, எங்கள் ஊர்காவற்றுறைதான். பின்னர் வந்த போர்த்துக்கேயர் தங்கள் மொழியில் துறைமேடை என்ற பொருளில் வைத்த பெயர்தான் கயிட்ஸ் ஆனது.

அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், உள்ளே வாறவனுக்குச் சட்டம் எழுதியிருக்கினம். களவெடுத்துப்போட்டு வெளியே போறவனுக்கு ஒண்டும் எழுதேல்லையோ?"

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு.

எங்கள் தீவுகள் எப்போதும் ஒரு வாசலாகத்தான் இருந்திருக்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து மரக்கலங்கள் வந்து போன துறைகள் இவை. ஒல்லாந்தர் காலத்தில் வாசலுக்குப் பூட்டு விழுந்தது. அவர்களுடைய அனுமதிச் சீட்டு இல்லாமல் தோணி ஓட முடியாது. முஸ்லிம் வணிகர்களுக்குத் தனிக் கெடுபிடி. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டை அந்தக் காவலின் மிச்சம். பின்னாளில் அது சிறையாகவும் இருந்தது.

வெள்ளைக்காரர் காலத்தில் இன்னொரு சட்டம் வந்தது. பேரரசின் ஒரு மூலையில் குற்றம் செய்துவிட்டு இன்னொரு மூலைக்கு ஓடுபவனைப் பிடித்து அனுப்புவதற்கான 1881ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளை கேட்ட கேள்விக்கு, அதாவது வெளியே ஓடுபவனுக்கு, எழுதப்பட்ட முதல் சட்டங்களில் அதுவும் ஒன்று. சுதந்திர இலங்கை 1948இல் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தை இயற்றியது. தப்பியோடியவர்களைக் கையளிப்பதற்கான 8ஆம் இலக்கச் சட்டம் 1977இல் வந்தது. ஆகவே சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது யார்மீது பாய்ந்தது என்பதுதான் விசயம்.

1948 என்றால் எங்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். அதே வருடம் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். "கள்ளத்தோணி" என்ற வசைச்சொல் அந்தக் காலத்தில்தான் ஊரெங்கும் பரவியது. 1952இல் தொடங்கி, தோணியில் வரும் ஏழைக் கூலிகளைப் பிடிக்க வடக்குக் கரையில் இராணுவத்தை நிறுத்தினார்கள். 1963இல் அதற்கென்றே தனிப் படையணி அமைத்து 1981 வரை வைத்திருந்தார்கள். கூலிவேலை தேடி வந்தவனுக்கு ஒரு படையணி! கோடிகளைச் சுருட்டிக்கொண்டு வெளியே போகிறவனுக்காக எந்தக் கரையிலும் ஒரு படையணி நின்றதாக நாங்கள் படித்ததில்லை.

இனி 2015க்கு வருவோம். அந்த ஒரே வருடத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது கொழும்பில். 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 30 வருடப் பிணைமுறி ஏலம் ஒன்றை நடத்தியது. கேட்டது 100 கோடி ரூபா. ஏற்றுக்கொண்டது 1,000 கோடிக்கு மேல். பெரும் பங்கை எடுத்தது பேர்ப்பச்சுவல் ட்ரெஷரீஸ் என்ற கம்பனி. அது அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகன் சம்பந்தப்பட்ட கம்பனி. ஆளுநரோ சிங்கப்பூர்ப் பிரஜை. 2017இல் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. மகேந்திரன் அதன்முன் வந்து சாட்சியமும் சொன்னார். அந்தக் கம்பனி முறைகேடாக 1,100 கோடிக்கு மேல் இலாபம் பெற்றதாக ஆணைக்குழு கண்டறிந்தது. ஆனால் 2018இல் நீதிமன்றம் அழைத்தபோது அவர் நாட்டில் இல்லை. பிடியாணை பிறந்தது. இன்டர்போல் சிவப்பு அறிவித்தல் போனது. 2019இல் கையளிக்கும்படி கேட்கும் பத்திரங்களில் ஜனாதிபதி கையொப்பமிட்டார். ஆள் இன்னும் வரவில்லை.

அவர் குற்றவாளி என்று நாங்கள் தீர்ப்பெழுதவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அந்த வேலை நடக்க ஆள் கூண்டில் நிற்க வேண்டும்.

இரண்டாவது எங்கள் புங்குடுதீவில். அதே வருடம் மே 13, பள்ளிக்கூடம் போன எங்கள் பிள்ளை ஒருத்தி வீடு திரும்பவில்லை. மறுநாள் என்ன நிலையில் கண்டெடுத்தோம் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. தீவகத்தில் தெரியாதவர் இல்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கு இன்றும் மாணவிகளின் இடாப்பைக் கூப்பிடும்போது, ஒரு பெயருக்கு "ஆம் சேர்" என்ற குரல் வராவிட்டால் நெஞ்சு திக்கென்கிறது.

அந்த வழக்கில் சந்தேகிக்கப்பட்ட ஒருவர் சுவிற்சர்லாந்தில் இருந்து வந்திருந்தவர். கையில் காசும் செல்வாக்கும் உள்ளவர். மக்கள்தான் அவரை மடக்கிப் பிடித்தார்கள். பிடித்துக் கொடுத்த ஆள் கொஞ்ச நாளில் வெள்ளவத்தையில் இருந்தார்! மே 19ஆம் திகதி அங்கே கைதானார். அடுத்த நாள் யாழ்ப்பாண நீதிமன்றச் சுற்றாடல் கொந்தளித்ததும், நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்னும் சில நாள் பிந்தியிருந்தால் அவர் எந்த நாட்டில் இருந்திருப்பார்?

2017 செப்டெம்பர் 27ஆம் திகதி மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் அவர் உட்பட 7 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்கள் மேன்முறையீடு செய்தார்கள். அது அவர்கள் உரிமை. அவர் தப்பிக்க உதவியதற்காக, அப்போது வடக்கில் உயர் பதவியில் இருந்த பொலிஸ் அதிகாரி லலித் ஜயசிங்கவுக்கு 2025 பெப்ரவரியில் 4 வருடக் கடூழியச் சிறை கிடைத்தது. குற்றவாளியை மட்டுமல்ல, கதவைத் திறந்துவிட்டவரையும் நீதி தேடி வந்தது. எங்கள் நாட்டில் இது சாதாரணமாக நடப்பதில்லை.

இரண்டு வழக்கையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் ஆள் விமானம் ஏறுவதற்கு முன் பிடிபட்டார். மற்றதில் ஏறிவிட்டார். முதல் வழக்குக்கு இரண்டு வருடம் சொச்சத்தில் தீர்ப்பு. மற்றது பத்து வருடம் தாண்டியும் ஆளுக்காகக் காத்திருக்கிறது. ஒருமுறை வெளியே போனவரைத் திருப்பி எடுப்பது லேசான வேலை அல்ல. இங்கே குற்றமானது அங்கேயும் குற்றமாக இருக்க வேண்டும், பத்திரங்கள் அந்த நாட்டு நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும், அதற்குமேல் மேன்முறையீடுகள். மிக் விமானக் கொள்வனவு விவகாரத்தில் தேடப்பட்ட முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்க 2018 பெப்ரவரியில் துபாயில் பிடிபட்டார். இலங்கை மண்ணை மிதித்தது 2020 பெப்ரவரியில். ஆகவே கதவில் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால், அதை வெளியில் ஐந்து வருடத்திலும் செய்ய முடியாது.

அப்படியென்றால் விமான நிலையத்தில் இருக்கும் குடிவரவு அதிகாரியின் கடமை என்ன?

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். சாராய முதலாளி விஜய் மல்லையா வங்கிகளுக்கு 9,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் கடன். 2015 ஒக்டோபரில் அவரைக் கண்டால் தடுத்து வைக்கும்படி குடிவரவுப் பிரிவுக்கு அறிவித்தல் போனது. அடுத்த மாதமே அது, கண்டால் தகவல் மட்டும் தந்தால் போதும் என்று மாற்றப்பட்டது. 2016 மார்ச் 2ஆம் திகதி அவர் லண்டனுக்குப் பறந்தார். மேசையில் இருந்த அதிகாரி என்ன செய்வார்? அவருக்குக் கிடைத்த கட்டளை தகவல் கொடு என்பதுதான். பிழை மேசையில் இல்லை, மேலே இருந்தது.

எங்கள் நாட்டில் 2022 ஜூலையில் நேர்மாறாக நடந்தது. பசில் ராஜபக்ச வெளியேற வந்தபோது, முக்கியஸ்தர்களுக்கான வழியில் சேவை செய்ய குடிவரவு அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அவர் பயணம் நின்றது. நாடே கைதட்டியது. நாங்களும் மகிழ்ந்தோம், மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு எதிராக நீதிமன்றத் தடை எதுவும் இருக்கவில்லை. உயர் நீதிமன்றம் தடை விதித்தது சில நாள் கழித்து, 15ஆம் திகதி. அதற்கிடையில் 13ஆம் திகதி அதிகாலை அவருடைய அண்ணன் ஜனாதிபதி கோட்டாபய விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நாங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். யாரை விடுவது, யாரை மறிப்பது என்பதை அதிகாரியின் மனம் தீர்மானித்தால் அது என்றைக்கும் நல்லவன் பக்கம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் இருந்து எங்கள் சனத்தைச் சில மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். பைகளைக் கொட்டிச் சோதித்தார்கள். நகையைக் கழற்றி எடுத்தார்கள். சில நூறு ரூபாவோடு போகவிட்டார்கள். வாசலில் நிற்பவன் கையில் ஆயுதம் இருந்து சட்டம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த விசயம் அல்ல. "பாஸ்" எடுக்க வரிசையில் நின்ற எங்கள் தமிழ் உறவுகளுக்கும் இது தெரியும்.

அதனால் எங்கள் கோரிக்கை அதிகாரிக்கு அதிக அதிகாரம் கொடுங்கள் என்பதல்ல. முறைப்பாடு வந்தவுடன், ஆள் தப்பக்கூடியவர் என்றால், பொலிஸ் தாமதிக்காமல் நீதிமன்றத்தில் வெளிநாட்டுப் பயணத் தடை கேட்க வேண்டும். அந்தக் கட்டளை அன்றைக்கே திணைக்களத்தின் கணினியில் ஏற வேண்டும். முக்கியஸ்தர் வழியிலும் அதே கணினி, அதே சட்டம் இருக்க வேண்டும். தடையைப் பார்த்தும் விட்டவர், தடையை ஏற்றாமல் இழுத்தடித்தவர், மேலிருந்து தொலைபேசியில் கட்டளை போட்டவர் மூவருமே லலித் ஜயசிங்க போல நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். தடை இல்லாதவரை, அவர் யாராக இருந்தாலும், மரியாதையாகப் போகவிட வேண்டும்.

செல்வாக்குள்ளவன் திருடினால் விட்டுவிட்டு, எளியவன் திருடினால் தண்டித்ததால்தான் முந்திய சமூகங்கள் அழிந்தன என்று எங்கள் நபியவர்கள் எச்சரித்தார்கள். கன்றுக்குட்டிக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனின் கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்கிறார்கள். இரண்டு வீட்டிலும் சொல்லித் தரும் பாடம் ஒன்றுதான்.

திரும்பி வரும்போது படகில் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: "வெளியே போறவனுக்கும் சட்டம் எழுதியிருக்கு மகள். கல்லில எழுதினது 850 வருசம் நிக்குது. தாளில எழுதினதை நிக்கவைக்கிறது எங்கட வேலை."

பிள்ளை கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. பிறகு கேட்டது: "அப்ப சேர், அந்தச் சிங்கப்பூர் ஆள் எப்ப வருவார்?"

அதற்குப் பதில் எங்களிடம் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருப்போம்.