பிராகு நகரச் சதுக்கத்தின் இருபத்தேழு சிலுவைகள்

செக் நாட்டின் தலைநகராகிய பிராகு நகருக்கு இரண்டொரு நாள் சுற்றுலாவாக வருவோர் தவறாது கூடுமிடம் பழைய நகரச் சதுக்கமாகும். அங்குள்ள நகர மண்டபத்துச் சுவரில் 1410ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற வானியல் கடிகாரம் உண்டு. மணி அடிக்கும்போது சிறு பலகணிகள் திறக்க, அப்போஸ்தலரின் உருவங்கள் வரிசையாகத் தோன்றி மறையும். கூட்டம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கலைந்து, ஆற்றுப் பாலத்தை நோக்கி நடக்கும். அதே மண்டபத்தின் கீழ்ப்புறத்தில், தரைக் கற்களிடையே வெண்ணிறமாகப் பதிக்கப்பட்டுள்ள 27 சிலுவைகளைக் குனிந்து நோக்குவோர் சிலரே. திருச்சபை வரலாறு பயில்வோருக்குக் கடிகாரத்தினும் இவையே முக்கியமானவை என்பது நம் கருத்து.

1415இல் யான் ஹஸ் எரிக்கப்பட்டபின், அவரைப் பின்பற்றியோர் திருவிருந்தில் அப்பத்தோடு பாத்திரத்தையும் சபையார் யாவருக்கும் வழங்கினர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பொகீமியாவில் இவ்வழக்கம் நிலைத்தது. 1609இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபு வழிபாட்டுரிமையை எழுத்தில் அளித்தார். அவ்வுரிமை பற்றிய பூசல் 1618இல் கிளர்ச்சியாயிற்று. 1620 நவம்பர் 8ஆம் நாள் வெண்மலைப் போரில் கிளர்ச்சியாளர் தோற்றனர். அடுத்த ஆண்டு ஜூன் 21ஆம் நாள் பிரபுக்கள் மூவரும், குறுநிலப் பெருமக்கள் எழுவரும், நகரத்தார் பதினெழுவரும் இச்சதுக்கத்தில் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் யெசேனியஸ் என்னும் மருத்துவர். 1600இல் இந்நகரில் மனித உடலைப் பலர் முன்னிலையில் அறுத்து விளக்கியவர். அவருடைய நாவை அறுத்த பின்னரே தலையை வெட்டினர். பன்னிருவரின் தலைகள் பத்தாண்டுகள் பாலத்துக் கோபுரத்தில் தொங்கின. சுற்றுலாவினர் இன்று அக்கோபுர வாயிலின் வழியாகவே பாலத்தின்மேல் ஏறுகின்றனர்.

இருபத்தேழு பேரையும் இரத்தசாட்சிகள் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவோர் உண்டு. நாம் அதற்கு உடன்படோம். அவர்கள்மேல் சாட்டப்பட்டது இராஜத்துரோகம். அவர்களுள் டிவிஷ் செர்னீன் கத்தோலிக்கர். மேலும், பாலத்தைக் கடந்து மேட்டிலுள்ள கோட்டைக்குச் சென்றால், தூய விட்டஸ் பேராலயத்தில் ஒரு மரப்புடைப்புச் சிற்பத்தைக் காணலாம். கிளர்ச்சியாளர் அரசராகத் தெரிந்தெடுத்த ஐந்தாம் பிரடெரிக்கின் காலத்தில், 1619 டிசம்பரில், அவருடைய அரண்மனைப் போதகர் ஸ்குல்டேட்டஸின் தூண்டுதலால் அவ்வாலயத்தின் உருவங்களும் பீடங்களும் உடைத்தகற்றப்பட்டதை அது சித்திரிக்கிறது. வென்றவர் செதுக்குவித்த சிற்பந்தான்; எனினும் நிகழ்ச்சி பொய்யன்று. சிலுவைகளைப் பார்த்துவிட்டு இச்சிற்பத்தைப் பாராமல் திரும்புவோர் பாதி வரலாற்றையே கண்டவராவர்.

1627இன் சட்டம் கத்தோலிக்க நெறி ஒன்றையே அனுமதித்தது. கல்வியறிஞர் கொமேனியஸ் 1628இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 1781வரை நிலைமை மாறவில்லை.

சதுக்கத்தில் ஹஸுக்கு 1915இல் நினைவுச் சின்னம் எழுந்தது. 17ஆம் நூற்றாண்டில் அங்கு நிறுவப்பட்ட மரியன்னைத் தூணை, வென்றவரின் அடையாளமெனக் கருதிய ஒரு கூட்டத்தார் 1918 நவம்பரில் வீழ்த்தினர். நெடுநாள் வாதத்துக்குப்பின் 2020இல் அதன் மாதிரித் தூண் மீண்டும் அங்கே நாட்டப்பட்டது. ஹஸின் சின்னத்துக்கும் அதற்கும் இடையே நடந்துசெல்லச் சில அடிகளே ஆகும்.