ஸ்டார் பிளேயர்களைச் சேர்த்தால் காலேஜ் டீம் நிலைக்குமா? பேஸ்கட்பால் சொல்லும் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, மாவட்ட, மாநில அளவில் ஆடிய பசங்க வீட்டு போன் அடிக்க ஆரம்பிச்சிடும். "ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் ஃப்ரீ, எங்க காலேஜுக்கு ஆட வாங்க" என்று கல்லூரிகள் கூப்பிடும். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டும் குடும்பமாக இருந்தாலும் சரி, கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் குடும்பமாக இருந்தாலும் சரி, இந்த அழைப்பு சின்ன விஷயம் இல்லை. மூணு நாலு வருஷப் படிப்புச் செலவே மிச்சமாகும்.

சரி, இப்படி நல்ல வீரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதால் கல்லூரிக்கு என்ன லாபம்? அந்த டீம் பத்து வருஷம் கழித்தும் நல்ல டீமாக இருக்குமா? அதில் சேரும் மாணவர் எதைப் பார்த்து முடிவு செய்யணும்? வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

நம்ம ஊரில் எப்படிச் சேர்க்கிறார்கள்?

தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்கள் கல்லூரிக்குள் வர ரெண்டு வழி. ஒண்ணு, அரசு ஒதுக்கீடு. பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. எந்த அளவிலான போட்டியில் ஆடினீர்கள், பதக்கம் வாங்கினீர்களா என்பதை வைத்துச் சான்றிதழுக்கு மதிப்பெண் போட்டுத் தனி ரேங்க் பட்டியல் வரும். எம்.பி.பி.எஸ். படிப்பில் இந்த ஒதுக்கீடு 7 இடங்கள்தான். சென்னை ஐ.ஐ.டி.யும் 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடங்களை விளையாட்டு வீரர்களுக்குத் தருகிறது. அதில் ஒன்று மாணவிகளுக்கு. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

இன்னொண்ணு, கல்லூரியே நேரடியாகக் கூப்பிட்டுச் சேர்ப்பது. தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் கட்டணச் சலுகை, ஹாஸ்டல், சாப்பாடு என்று கொடுத்து வீரர்களை எடுப்பது இந்த வழியில்தான்.

கல்லூரிக்கு இதில் என்ன ஆதாயம்? கோப்பை வந்தால் பேப்பரில் படம், அட்மிஷன் விளம்பரத்தில் ஒரு வரி. 'நாக்' தர மதிப்பீட்டிலும் மாணவர்கள் வாங்கும் விளையாட்டு விருதுகளும் பதக்கங்களும் கணக்கில் வரும்.

பேஸ்கட்பாலில் மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

கிரிக்கெட்டில் 11 பேர், ஃபுட்பாலில் 11 பேர். பேஸ்கட்பாலில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பது 5 பேர்தான். டீம் மொத்தமே 12 பேர். ஆட்டம் 40 நிமிஷம். நல்ல வீரர் ஒருவர் அதில் பெரும்பகுதி நேரம் களத்திலேயே இருக்கலாம். பந்தும் அவர் கையிலேயே அதிகம் இருக்கும். அதனால் ரெண்டு நல்ல வீரர்கள் வந்தாலே டீம் ஒரே சீசனில் ஆளே மாறிப் போகும்.

வேகமாக ஏறுவது வேகமாகவும் இறங்கும். ஒரு சின்னக் கணக்கு போடுங்க. ஒரு கலைக் கல்லூரி ஒரே வருஷத்தில் 8 நல்ல வீரர்களை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் பழகுவார்கள். ரெண்டாம் வருஷம் கோப்பை. மூணாம் வருஷமும் கோப்பை. நாலாம் வருஷம்? 8 பேரும் டிகிரி முடித்துக் கிளம்பிவிடுவார்கள். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜூனியர்கள் அனுபவமே இல்லாமல் களத்தில் இறங்கணும். 'போன வருஷம் வரைக்கும் கலக்கின டீம்' என்று நாம் சொல்லும் பல அணிகளின் கதை இதுதான்.

இந்தியாவில் நடந்தது என்ன?

இங்கே ஒரு கேள்வி வரலாம். இந்தியாவில் இதைச் சோதித்துப் பார்க்க ஏதாவது அளவுகோல் இருக்கிறதா? பேஸ்கட்பாலுக்கு மட்டும் தனியாகப் பார்ப்பதைவிட, எல்லா விளையாட்டும் சேர்ந்த பல்கலைக்கழகப் போட்டிகளைப் பார்த்தால் படம் தெளிவாகத் தெரியும்.

2022-ல் பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் ஜெயின் பல்கலைக்கழகம் 20 தங்கத்துடன் ஒட்டுமொத்தச் சாம்பியன் ஆனது. அதில் 7 தங்கம் ஒரே ஒருவர் வாங்கியது: நீச்சல் வீரர் சிவா ஸ்ரீதர். அடுத்த போட்டி 2023-ல் உத்தரப் பிரதேசத்தில் நடந்தபோது ஜெயின் 3-ம் இடத்துக்கு இறங்கியது. 3-ம் இடமும் பெரிய விஷயம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் தோளில் எவ்வளவு பாரம் இருந்தது என்பதை அந்த 7 தங்கம் காட்டுகிறது.

2023-ல் முதலிடம் பிடித்தது சண்டிகரில் உள்ள அரசு நிறுவனமான பஞ்சாப் பல்கலைக்கழகம். 2020-ல் புவனேஸ்வரில் நடந்த முதல் போட்டியிலும் சாம்பியன் இவர்கள்தான்.

இதைவிட நீளமான கதை அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகத்துடையது. பல்கலைக்கழக விளையாட்டில் நாட்டிலேயே உயர்ந்த விருது மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. அதை இந்தப் பல்கலைக்கழகம் 20 முறைக்கும் மேல் வாங்கியிருக்கிறது. ஒரு பேட்ச் மாணவர்களால் இது நடக்கவே நடக்காது. 20 கோப்பை என்றால் பல தலைமுறை வீரர்கள் வந்து போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். இணைப்புக் கல்லூரிகள் முழுக்க விளையாட்டு நடப்பதும், வீரர்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் பஞ்சாப் ஊர்களும் பள்ளிகளும்தான் அதற்கு அடித்தளம்.

ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. 2024-க்கான அந்த விருதை வாங்கியது மொஹாலி பக்கம் இருக்கும் தனியார் நிறுவனமான சண்டிகர் பல்கலைக்கழகம். பெயர் குழப்பம் வேண்டாம், மேலே சொன்ன பஞ்சாப் பல்கலைக்கழகம் வேறு, இது வேறு. 2012-ல் தொடங்கியது. ரெண்டாம் இடம் இன்னொரு தனியார் நிறுவனமான லவ்லி புரொஃபஷனல் பல்கலைக்கழகத்துக்கு. குருநானக் தேவ் மூன்றாம் இடத்துக்குப் போனது.

அப்போ ஸ்காலர்ஷிப் கொடுத்து ஆள் சேர்ப்பது வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? ஆமாம், வேலை செய்கிறது. 12 வருஷத்தில் உச்சிக்குப் போக முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு வருஷம் ரெண்டு பேரைச் சேர்த்து அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. பல விளையாட்டுகளில், வருஷா வருஷம், பெரிய எண்ணிக்கையில் எடுக்கிறார்கள். அந்தச் செலவு ஒரு வருஷம் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான சோதனை. அது இன்னும் நடக்கவில்லை.

அமெரிக்கா சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பரிசோதனைக் கூடம் அமெரிக்கக் கல்லூரி பேஸ்கட்பால்தான். அங்கே பள்ளியில் படிக்கும்போதே வீரர்களுக்கு ஸ்டார் மதிப்பீடு கொடுத்துவிடுவார்கள். 'ஃபைவ் ஸ்டார்' பையனுக்காகக் கல்லூரிகள் அடித்துக்கொள்ளும்.

மிச்சிகன், 1991: கிறிஸ் வெபர், ஜேலன் ரோஸ் உட்பட 5 முதலாண்டு மாணவர்கள் ஒன்றாக வந்தார்கள். 'ஃபேப் ஃபைவ்' என்று பெயர். 1992, 1993 என ரெண்டு வருஷமும் தேசிய இறுதிப் போட்டி வரை போனார்கள், ரெண்டிலும் தோல்வி. 1993-ல் வெபர் என்.பி.ஏ.வுக்குப் போனார். பிறகு, ஆதரவாளர் ஒருவரிடம் வெபரும் பின்னால் வந்த சிலரும் பணம் வாங்கிய விவகாரம் வெடித்தது. அந்த இறுதிப் போட்டிகளின் பேனர்களை 2002-ல் பல்கலைக்கழகமே இறக்கியது. 1998-க்குப் பிறகு தேசியப் போட்டிக்குள் நுழையவே 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்ப 2013-ல் இறுதிக்குப் போனபோது டீமைக் கொண்டுபோனவர் ட்ரே பர்க். பள்ளியில் நாட்டின் உச்ச வீரர்களில் ஒருவராக மதிப்பிடப்படாதவர் அவர்.

கென்டக்கி, 2009 முதல் 2024 வரை: கோச் ஜான் கலிபாரி வருஷா வருஷம் நாட்டின் உச்ச வீரர்களை எடுத்தார். ஒரு வருஷம் ஆடிவிட்டு என்.பி.ஏ.வுக்குப் போய்விடும் பையன்கள். 2012-ல் ஆன்தனி டேவிஸுடன் சாம்பியன். 2015-ல் 38 வெற்றி, ஒரே தோல்வி. அந்த ஒன்று அரையிறுதியில் வந்தது. அதற்குப் பிறகு அவர் இருந்தவரை கடைசி நால்வரில் ஒரு முறைகூட வரவில்லை. 2022-ல் செயின்ட் பீட்டர்ஸ், 2024-ல் ஓக்லண்ட் என்று சின்னக் கல்லூரிகளிடம் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். திறமை குறையவில்லை. எதிரே நின்றவர்களில் சிலர் ஒரே டீமில் பல வருஷம் ஆடிய பசங்க.

ரட்கர்ஸ், 2024-25: டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று ரெண்டு பெரும் நட்சத்திரங்கள். 2025 என்.பி.ஏ. தேர்வில் ஒருவர் 2-வதாகவும் இன்னொருவர் 5-வதாகவும் எடுக்கப்பட்டார்கள். கல்லூரி அணியின் கணக்கு? 15 வெற்றி, 17 தோல்வி. தேசியப் போட்டிக்கே போகவில்லை.

கொன்ஸாகா: நம்ம லயோலா மாதிரி இயேசு சபை நடத்தும் சின்னப் பல்கலைக்கழகம். 1999-ல் முதல் முறை கடைசி எட்டு அணிகளில் வந்தது. அதே வருஷம் தலைமைக் கோச் ஆன மார்க் ஃபியூ அதற்குப் பிறகு மாறவே இல்லை. 2017, 2021 என ரெண்டு முறை இறுதிப் போட்டி. உச்ச மதிப்பீடு பெற்ற வீரர்கள் அங்கே வர ஆரம்பித்தது பல வருஷம் கழித்துத்தான். அதாவது, ஸ்டார்கள் வந்து டீம் நல்லா ஆகவில்லை. டீம் நல்லா இருந்ததால் ஸ்டார்கள் வந்தார்கள்.

அப்போ நிலைத்து நிற்க வைப்பது எது?

நல்ல வீரர்களைச் சேர்ப்பது தப்பே இல்லை. அது ரெண்டு மூணு வருஷ வெளிச்சம். அந்த வெளிச்சம் இருக்கும்போதே கல்லூரி என்ன கட்டுகிறது என்பதுதான் கேள்வி.

* கோச்: சீசனுக்கு மட்டும் வந்து போகாமல் பல வருஷம் இருக்கும் முழுநேரக் கோச்.
* வரிசை: ஒரே பேட்சில் 8 பேர் வேண்டாம். வருஷத்துக்கு மூணு நாலு பேர். சீனியர் போகும்போது ஜூனியர் தயாராக இருப்பார்.
* மைதானம்: சிமென்ட் தரையில் தினமும் குதித்தால் முட்டிக்குத்தான் கேடு. நல்ல தரை, மாலை வேளைக்கு லைட், ஃபிசியோ.
* பக்கத்துப் பள்ளிகள்: சுற்று வட்டாரப் பசங்களுக்குக் கோர்ட்டைத் திறந்துவிடும் கல்லூரி, வெளியூரில் வீரர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.
* வேலை: சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற அணிகளும், அரசுப் பணியில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் இருக்கின்றன. இந்திய மகளிர் அணியின் முன்னாள் கேப்டன், 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். இந்த வழியைக் காட்டும் கல்லூரிக்கு அடுத்த பேட்ச் தானாக வரும்.

ஆர்.கே.பேட்டை பக்கத்து மாணவர் என்ன கேட்கணும்?

முதலில் ஒரு விஷயம் தெரிஞ்சிக்கணும். திருத்தணி, பொன்னேரி அரசுக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. இப்படிப்பட்ட கல்லூரியில் சேர்ந்தால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடி, பிறகு எல்லா இணைப்புக் கல்லூரி வீரர்களோடும் போட்டி போட்டுத்தான் பல்கலைக்கழக டீமுக்குள் போகணும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அதுவே தனி அணி. தென்மண்டலப் போட்டியில் நேரடியாக ஆடும். மண்டலத்தில் முதல் 4 இடம் பிடிக்கும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். நேரடி அணி என்பது வசதிதான். ஆனால் அங்கே ஏற்கெனவே நட்சத்திரங்கள் குவிந்திருந்தால் உங்க இடம் பெஞ்சாக இருக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்:

1. கட்டணச் சலுகை எல்லா வருஷத்துக்குமா, முதல் வருஷத்துக்கு மட்டுமா? எழுத்தில் தருவீர்களா?
2. காயம் பட்டு ஆட முடியாமல் போனால் சலுகை தொடருமா? சிகிச்சைச் செலவு யாருடையது?
3. கோச் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்?
4. இப்போ டீமில் இருப்பவர்கள் எந்த வருஷ மாணவர்கள்? என் பொசிஷனில் எத்தனை பேர்?
5. போட்டிக்குப் போகும் நாட்களுக்கு அட்டெண்டன்ஸ் உண்டா? தவறிய தேர்வுக்கு என்ன வழி?
6. போன மூணு வருஷத்தில் டீமில் இருந்தவர்களில் எத்தனை பேர் டிகிரி முடித்தார்கள்? இப்போ எங்கே வேலை செய்கிறார்கள்?

ஆறாவது கேள்விக்கான பதிலைக் கோச்சிடம் மட்டும் கேட்காதீங்க. டீமில் இருந்த சீனியர் ஒருவர் நம்பரை வாங்கி நேரடியாகப் பேசுங்க. அலமாரியில் இருக்கும் கோப்பைகளைக் கல்லூரியே காட்டும். அதை ஜெயித்துக் கொடுத்தவர்கள் இப்போ எங்கே இருக்கிறார்கள் என்பதை நீங்கதான் கேட்டுத் தெரிஞ்சிக்கணும்.