பெயர் எழுதப்பட்ட படங்கள்: தெமட்டகொடையின் அயல் வரலாறும் அதன் மூலங்களும்

கொழும்பு 9 என்ற அஞ்சல் பிரிவில், மருதானைக்கும் பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் நடுவே அமைந்த தெமட்டகொடை, நகரத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பெரும்பாலும் ஒரு புகையிரத நிலையத்தின் பெயராக மட்டும் வந்துபோகிறது. கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் கிடைத்த விவரணைகளோ, கொட்டாஞ்சேனைக்கு அதன் தேவாலயங்களாலும் கோயில்களாலும் கிடைத்த கவனமோ, வெள்ளவத்தைக்கு அதன் தமிழ்க் குடியிருப்பால் கிடைத்த இடமோ இந்த அயலுக்குக் கிடைக்கவில்லை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் ஒரே ஒழுங்கையில் தலைமுறைக்கணக்காகக் குடியிருந்த ஓர் இடத்துக்கு வரலாறு இல்லாமற் போவதில்லை; அந்த வரலாறு தங்கியிருக்கும் இடம்தான் வேறு. அரச சுவடிகளிலும் பயண நூல்களிலும் அதைத் தேடுவோருக்குக் கிடைப்பதைவிட, வீட்டு அலுமாரிகளிலும் தகரப் பெட்டிகளிலும் கிடக்கும் படங்களிலும் தாள்களிலும் கிடைப்பதே அதிகம்.

இந்த அயலை உருவாக்கியது புகையிரதப் பாதை. 1858ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிவைத்த பாதை, கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரையிலான ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தூரத்துக்கு 1865 ஒக்டோபர் 2ஆம் திகதி பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மலைநாட்டுக் கோப்பியையும், பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காகப் போடப்பட்ட அப்பாதை, மருதானையைக் கடந்ததும் தெமட்டகொடை வழியாகவே களனி ஆற்றை நோக்கிச் செல்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிவெளிக்கான குறுகிய பாதையும் மருதானையிலிருந்து பிரிந்து பேஸ்லைன் வீதியை ஒட்டிப் போடப்பட்டது. இயந்திரங்களை ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்து, கரி ஏற்றி, தண்ணீர் நிரப்பி, சாம்பல் வாரி, சிறு பழுதுகளைத் திருத்தி அனுப்பும் கொட்டகை, ஊழியர் வாய்மொழியில் ‘ரன்னிங் ஷெட்’, தெமட்டகொடையில் அமைந்தது. டீசல் இயந்திரங்கள் 1950களில் வந்த பிறகும் கொட்டகை மறைந்துவிடவில்லை. பாதுகாக்கப்பட்ட நீராவி இயந்திரங்கள் சில அங்கேயே நிறுத்தப்பட்டன. சாரதிகள், தீ வளர்ப்போர், கொல்லர், சமிக்ஞைக்காரர், எழுதுவினைஞர் எனப் பலதரத்து ஊழியரும் நடந்து வேலைக்குப் போகக்கூடிய தூரத்தில் குடியேறியதால், புகையிரதத்தின் வேலை நேரமே இந்த அயலின் நேரமாயிற்று. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவோர் இருந்த வீடுகளின் பழக்கங்கள் அலுவலகக் குடும்பங்களின் பழக்கங்களிலிருந்து வேறுபட்டவை.

இதே காலத்தில் கொழும்பில் நிழற்படத் தொழிலும் வளர்ந்தது. 1860களில் ஸ்கீன் நிறுவனமும், அடுத்த தசாப்தத்தில் சார்ள்ஸ் ஸ்கோவனும், 1890இல் பிரிஸ்டல் ஹோட்டலில் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் எடுத்து விற்ற படங்களே 19ஆம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றி உலகம் வைத்திருக்கும் காட்சியைத் தீர்மானித்தன. கண்ணாடித் தகட்டில் எடுத்து, முட்டை வெண்கரு பூசிய தாளில் பதித்த அப்படங்களை வாங்கியோர் கப்பலில் வந்திறங்கிய பயணிகளும் தோட்டத்துரைமாரும் ஆவர். ஆகவே துறைமுகமும் காலிமுகத்திடலும் புறக்கோட்டைக் கடைத்தெருவும், கடலோரத் தென்னையும், கண்டிக்குப் போகும் பாதையில் பாறைச் சரிவைச் சுற்றும் தண்டவாளமும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹென்றி கேவ் 1910இல் இலங்கை அரச புகையிரதத்தைப் பற்றி வெளியிட்ட நூலும் இப்பார்வைக்குச் சான்று. புகையிரதம் என்பது அதன் சன்னலிலிருந்து தெரியும் இயற்கைக் காட்சி என்பதே அந்நூலின் அடிப்படை. அதை இயக்கிய ஊழியர் குடியிருந்த இடம் சன்னலுக்குள் வரவில்லை. 1899 முதல் ஓடிய மின்சார ட்ராம் வண்டிகளின் இரு தடங்களும் இந்த ஒதுக்கத்துக்கு உதவின. ஒன்று கிராண்ட்பாஸுக்கும் மற்றது மருதானை வழியாகப் பொரளைக்கும் போனதால், தெமட்டகொடை இரண்டுக்கும் இடையில் விடுபட்டது. தபாலட்டைப் படம் எடுப்போர் ட்ராம் போகும் தெருக்களையே விரும்பினர்.

படத்தில் இடம்பெற்ற தமிழருக்கும் பெயர் கிடைக்கவில்லை என்பது இதைவிடப் பாரதூரமான விடயம். அக்கால நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களில் தமிழ்க் கூலிப் பெண், செட்டி, மரமேறி, பட்டாணி வட்டிக்காரன் எனச் சாதியாலும் தொழிலாலும் வகைப்படுத்தப்பட்ட உருவங்கள் ஏராளம். மனிதரை மாதிரிப் பொருளாகக் காட்டும் இவ்வகைப் படங்கள் இன்று அரும்பொருளகங்களில் நன்றாகப் பேணப்படுகின்றன. மறுபுறத்தில், ஆர்னல்ட் ரைட் 1907இல் தொகுத்த பெருநூலில் நிலவுடைமையாளரும் வணிகரும் முதலியார்களும் தத்தம் மாளிகைகளின் முன்னால், பெயரோடும் பட்டத்தோடும் நிற்கின்றனர். பெயரில்லாத ஏழைக்கும் பெயருள்ள செல்வருக்கும் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் இருந்தது. மாதச் சம்பளக்காரரான புகையிரத எழுதுவினைஞரும் நாட்சம்பளக்காரரான கொட்டகைத் தொழிலாளியும் அந்த வெற்றிடத்துக்குரியோர்.

அவர்கள் படத்துக்குள் வந்தது பெரும்பாலும் பிரியாவிடைக் குழுப்படத்தின் வழியாக. மேலதிகாரி ஒருவர் ஓய்வு பெறும்போதோ இடமாற்றம் பெறும்போதோ, ஸ்டூடியோக்காரர் முக்காலியோடு வேலைத்தளத்துக்கே வந்து எடுத்த இப்படங்களின் அமைப்பு பல தசாப்தங்களுக்கு மாறவில்லை. நடுவில் நாற்காலியில் மாலையோடு ஓய்வு பெறுபவர். இருபுறமும் கோட்டும் ரையும் அணிந்த அலுவலர். பின்னால் வாங்கில் ஏறி நிற்கும் எழுதுவினைஞர். முன்வரிசையில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்த இளையோர். ஓரத்தில், பாதி உடல் சட்டத்துக்கு வெளியே போன நிலையில், பியோன். தடித்த அட்டையில் ஒட்டிய படத்தின் அடியில் ஸ்டூடியோவின் பெயர் அழுத்து முத்திரையாகப் பதிந்திருக்கும். அதற்கு மேல் இடமிருந்து வலமாகப் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். அட்டை சற்று விலையேற்றமானது என்பதால் எல்லோரும் வாங்கவில்லை. வாங்கியவர்கள் கண்ணாடியிட்டுச் சுவரில் மாட்டினர். பெயர்வரிசையில் முதலெழுத்துகளோடு அலுவலர் பெயர்கள் நிரம்பியிருக்க, தரையில் இருப்போருக்கும் ஓரத்தில் நிற்போருக்கும் பல வேளைகளில் பெயர் இராது. அந்தக் குறை வீட்டில் நிரப்பப்பட்டது: பின்புறத்தில், பேனாவாலோ பென்சிலாலோ, ‘இவர் எங்கள் அப்பு’ என்ற பாங்கில் எழுதப்பட்ட ஒரு வரி, அச்சிட்ட பெயர்வரிசை சொல்லாததைச் சொல்லிவிடுகிறது. வரலாற்று மூலம் என்ற வகையில் இத்தகைய படத்தின் பின்பக்கம் முன்பக்கத்துக்குக் குறைந்ததன்று.

இப்படங்களில் இருந்தோர் அனைவரும் அந்த வேலையில் நிலைக்கவில்லை. அரச திணைக்களங்களில் நாட்சம்பளம் பெற்ற இந்தியத் தொழிலாளரை விலக்கும் முடிவை 1939இல் அமைச்சர் சபை எடுத்தபோது, 1934 மார்ச் 31க்குப் பின் சேர்ந்தோர் நிறுத்தப்படவேண்டும் என்றும், முன்னர் சேர்ந்தோர் பணிக்கொடை பெற்று விருப்பத்தின்பேரில் தாயகம் திரும்பலாம் என்றும் திட்டமிடப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்ததும், இலங்கை இந்தியக் காங்கிரஸ் அமைக்கப்பட்டதும் இதன் தொடர்ச்சியே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னர், ஒருவர் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தார் என்பதை அவரே தாளால் நிறுவ வேண்டியதாயிற்று. வீட்டு வாடகைப் பற்றுச்சீட்டு, பாடசாலை விடுகைப் பத்திரம், சம்பளச் சீட்டு, திருமணப் பதிவு ஆகியவற்றைத் தகரப் பெட்டியில் பூட்டிவைக்கும் வழக்கம் இவ்வாறான குடும்பங்களில் வேரூன்றியதற்கு அச்சமே காரணம். வரலாற்று ஆர்வம் காரணமன்று. இன்று அயல் வரலாற்றைத் தொகுப்போருக்கு அப்பெட்டிகளே மிகச் செறிவான சுவடிக்கூடங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் பார்க்க வந்த குடும்பங்கள் வேறொரு மூலத்தை விட்டுச் சென்றன. மரணம் நிகழ்ந்த 31ஆம் நாள், அந்தியேட்டிக் கிரியையின்போது வந்தோருக்கு வழங்கப்படும் சிறுநூலைக் ‘கல்வெட்டு’ அல்லது ‘நினைவு மலர்’ என்பர். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம்; அதனடியில் ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை யாப்பில் அடக்கிய திதி வெண்பா; தொடர்ந்து பஞ்சபுராணம் ஓதுவதற்கான பாடல்கள்; பின்னர் வாழ்க்கை வரலாறு, வம்சவழி, இரங்கலுரைகள், நன்றி நவிலல். புலவர் ஒருவரைக் கொண்டு எழுதுவிக்கப்பட்ட அவ்வரலாறு புகழ்ச்சியாகவே இருக்கும் என்பதால் ஆய்வாளர் அதை ஐயத்தோடு படிக்க வேண்டும்; ஆனால் எந்த ஆண்டு எந்தத் திணைக்களத்தில் சேர்ந்தார், எந்த வீதியில் குடியிருந்தார், எந்தச் சங்கத்தில் பொருளாளராயிருந்தார், பிள்ளைகள் எங்கே மணம் முடித்தனர் போன்ற செய்திகளில் குடும்பத்தார் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. சாதாரண மனிதர் ஒருவருக்கு அச்சிட்ட வாழ்க்கை வரலாறு கிடைக்கும் இந்த வழக்கம், அயல் வரலாற்றுக்கு ஈழத் தமிழர் அளித்த, இன்னும் போதிய மதிப்புப் பெறாத கொடை. ஊரில் பிறந்து கொழும்பில் உழைத்தவரின் கல்வெட்டில் ஊர்ப் பெருமை பல பக்கம் போக, கொழும்பு வாழ்க்கை ஒரு பந்திக்குள் அடங்கிவிடுவது அதன் குறைபாடு. உருவப்படம் எடுப்பதில் தயக்கம் காட்டிய முஸ்லிம் குடும்பங்களைப் பொறுத்தவரை, பள்ளிவாசல் நிருவாகப் பதிவேடுகளும், 1892இல் மருதானையில் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரி போன்றவற்றின் சஞ்சிகைகளும் அதே இடத்தை ஓரளவு நிரப்புகின்றன.

1972 முதல் ஆள் அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, அதுவரை படமே எடுத்திராத முதியோரும் ஸ்டூடியோவுக்குப் போக நேர்ந்தது. நேர்ப்பார்வை, சிரிப்பில்லாத முகம், வெள்ளைத் திரை. பல வீடுகளில் பாட்டிக்கு இருக்கும் ஒரே படம் அதுவே. அவர் இறந்த பிறகு அதையே பெருப்பித்து, சேலைக்கு நிறம் தீட்டி, நெற்றியில் பொட்டு வைத்து மாட்டினர். கண்காணிப்புக்காக எடுத்த படம் வழிபாட்டுக்குரியதாக மாறிய இந்தக் கதை தனி ஆய்வுக்குரியது.

இவ்வளவும் சேர்ந்து ஓர் அழிவைச் சந்தித்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை உலகம் அறியும். 1983 ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கி, அடுத்தடுத்த அயல்களான தெமட்டகொடை, நாரஹேன்பிட்டி, கிராண்ட்பாஸ் வழியாக நகரெங்கும் பரவிய தமிழருக்கெதிரான வன்செயலில் எரிந்த அல்பங்களுக்கோ கணக்கில்லை. உடுத்த துணியோடு அகதி முகாம்களுக்குப் போனவர்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துச் சென்றிருக்கலாம். திருமண அல்பத்தை எடுக்க நேரமிருந்திராது. ஆனால் அதற்கு முன்பே கடிதத்தோடு இலண்டனுக்கும், கலியாணப் பேச்சுக்காக ஊருக்கும், உறவினருக்கு அன்பளிப்பாகச் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்ட பிரதிகள் தப்பிப் பிழைத்தன. மூலம் கொழும்பில் எரிந்துபோக, பிரதியே மூலமாயிற்று. வீட்டுப் படங்களுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது; புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் இறந்த பின்னர் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டதால், எஞ்சிய அச்சுப் பிரதிகளைக் கொண்டே அவரும் அறியப்படுகிறார்.

எனவே கொழும்புத் தமிழர் அயல்களின் வரலாற்றைத் தொகுக்கும் முயற்சி கொழும்போடு நிற்க முடியாது. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிமத் தொகுப்பு முயற்சி, ஈழத்து நூல்களோடும் இதழ்களோடும் நினைவு மலர்களையும் பாடசாலை மலர்களையும் ஆவணமாக ஏற்றுக்கொண்டதன் பயன் இங்கேதான் தெரிகிறது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய சுவடிகள் திணைக்களம் அரசின் பதிவேடுகளைக் காக்கிறது. வீட்டின் பதிவேடுகளைக் காப்பதற்கு அவ்வாறான சட்டம் ஏதுமில்லை. சேர்ப்போர் செய்யவேண்டிய வேலை ஸ்கேன் செய்வதோடு முடிவதுமில்லை. 1970களுக்குப் பிந்திய வண்ணப் படங்கள் பசைத்தாள் அல்பத்தில் ஒட்டிக்கொண்டு நிறம் மங்கிப்போயிருப்பதால், பலவந்தமாகப் பிரிக்காமல் அல்பத்தோடு சேர்த்தே பதிவுசெய்வது நல்லது. ஆண்டு தெரியாத தெருப் படத்தில் ட்ராம் கம்பி இருந்தால் அது 1960க்கு முந்தியது. இரட்டைக் கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ் இருந்தால் 1953க்கும் 1964க்கும் இடைப்பட்டது. வாகன இலக்கத்தகட்டில் சிங்களச் ‘ஸ்ரீ’ இருந்தால் 1957க்கு முந்தியதாக இருக்க முடியாது. அடையாள அட்டை இலக்கமோ முகவரியோ தெரியும் தாள்களைப் பொதுவில் வைப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நினைவூட்டுகிறது.

இடத்தை அடையாளம் காண்பது ஆண்டைக் காண்பதைவிடக் கடினம். தெமட்டகொடையில் ஒரே நுழைவாயிலுக்குள் பல வரிசை வீடுகள் நெருங்கியிருக்கும் குடியிருப்பை ‘தோட்டம்’ என்றும் ‘வத்தை’ என்றும் சொல்வது வழக்கம். அவற்றுட் பல, மாநகர சபையின் வரி மதிப்பீட்டு இலக்கத்தையே பெயராகக் கொண்டவை. 2010களில் நகரப் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் இத்தகைய வத்தைகள் பல அகற்றப்பட்டு, குடியிருந்தோர் மிஹிந்து சென்புர போன்ற தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டபோது, இலக்கமும் போயிற்று; படத்தின் பின்னால் எழுதியிருக்கும் வெறும் எண் எந்த ஒழுங்கையைச் சுட்டுகிறது என்பதை அங்கே வாழ்ந்த மூத்தோர் மட்டுமே இப்போது சொல்லக்கூடும். அவர்கள் சொல்லும் விவரத்தைச் சொன்னவரின் பெயரோடும் திகதியோடும் படத்துடன் இணைத்து எழுதிவைக்கும் தொகுப்பே பிற்காலத்தாருக்குப் பயன்படும். பழைய பேர்குசன் டிரெக்டரிகளின் வீதிப் பட்டியலையும் வாக்காளர் இடாப்பையும் அந்த விவரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை அதன் பிறகே தொடங்க முடியும்.