240 வரியா, 405 வரியா?

‘இந்தப் பெட்டியில் வரிகள் அதிகம், ஆகவே படம் தெளிவு, ஆகவே விலையும் சற்றுக் கூடுதல்’ என்று தொலைக்காட்சிக் கடைக்காரர் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். தொலைக்காட்சிப் படம் மேலிருந்து கீழாக அடுக்கிய மெல்லிய வரிகளால் ஆனது என்பது உண்மையே. ஆனால் வரிகளின் எண்ணிக்கை மட்டுமே தரமாகிவிடுமா? விடை காண 1936-ஆம் ஆண்டின் லண்டனுக்குச் செல்வோம்.

அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள், அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. அப்போது இரண்டு முறைகள் போட்டியிட்டன. ஜான் லோகி பேர்டின் நிறுவனம் 240 வரிகளில் படம் அனுப்பியது, மார்க்கோனி–ஈ.எம்.ஐ. நிறுவனம் 405 வரிகளில் அனுப்பியது. எது சிறந்தது என்று வாதிட்டுக் கொண்டிராமல், வாரம் மாற்றி வாரம் இரண்டையும் ஒளிபரப்பிப் பார்த்தார்கள். ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் இரண்டையும் ஒப்பிட வழி பிறந்தது.

வேறுபாடு வரிகளோடு நிற்கவில்லை. பேர்டு முறையில் விநாடிக்கு 25 படங்கள். அதனால் படம் துடித்தது. மற்ற முறையில் 1, 3, 5 என ஒற்றைப்படை வரிகள் முதலிலும், 2, 4, 6 என இரட்டைப்படை வரிகள் அடுத்தும் வந்தன. திரை விநாடிக்கு 50 முறை ஒளிர்ந்ததால் துடிப்பு குறைந்தது. மேலும், பேர்டு முறையில் அரங்கக் காட்சிகளைத் திரைப்படச் சுருளில் பிடித்து, சுமார் ஒரு நிமிடத்தில் கழுவி, பிறகே அனுப்பினார்கள். அந்தக் காமிராவை இடம் பெயர்க்கவும் இயலாது. எமிட்ரான் என்னும் மின்னணுக் காமிராவுக்கோ இத்தொல்லைகள் இல்லை. 1937 பிப்ரவரி முதல் 405 வரி முறையே நிலைத்தது. அவ்வாண்டு மே 12-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை எமிட்ரான் தெருவிலிருந்தே காட்டியது.

வாங்கியவர்களின் பணம் என்னவாயிற்று? அன்று ஒரு பெட்டியின் விலை சுமார் 100 பவுண்டு. ஒரு சிறிய காரையே அந்த விலைக்கு வாங்கலாம்! அதில் இரு முறைகளுக்கும் வசதி இருந்தது. மூன்றே மாதங்களில் ஒன்று பயனற்றுப் போயிற்று. மற்றொன்றோ, போர்க்கால நிறுத்தம் நீங்கலாக, 1985 வரை பிரிட்டனில் ஒளிபரப்பில் இருந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இயல்பான கண், பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியைப் பிரித்தறியாது. 3 மீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர். 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 53.5 செ.மீ. அதில் 1080 வரிகள் இருந்தால் ஒரு வரியின் அகலம் அரை மில்லிமீட்டரே. ஆகவே 3 மீட்டர் தள்ளி அமர்பவருக்கு 2160 வரிகளின் கூடுதல் நுட்பம் புலப்படாது, ஏறத்தாழ 1.7 மீட்டருக்குள் அமர்ந்தால்தான் புலப்படத் தொடங்கும்.

எனவே கடைக்குப் புறப்படுமுன், நீங்கள் அமரும் நாற்காலிக்கும் பெட்டி வைக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவை அளந்து கொள்ளுங்கள். கடையில் அதே தொலைவில் நின்று, ஒரே காட்சியை இரு பெட்டிகளிலும் பாருங்கள். ஓடும் பந்து, இருண்ட காட்சி, மனித முகத்தின் நிறம் ஆகிய மூன்றையும் கவனியுங்கள். வீட்டுக்கு வரும் ஒளிபரப்பு எத்தனை வரிகளில் வருகிறது என்றும் விசாரியுங்கள். கண்ணுக்கு எட்டாத வரிக்குக் காசு கொடுப்பானேன்?